ஒரு மானுக்கு எத்தனை தொடை

காணியில் முதன்முதலாக மானைக் கண்ட அன்றே பாலேந்திரன் அதன் தொடையை மனைவியின் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

குற்றம் முழுவதையும் அவர் தலையில் போடவும் முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் சயந்தன் அன்று பின்னேரம் வீடியோவில் வந்து, தான் வாங்கிய ஏரிக்கரை வீட்டையும் அந்த ஏரியில் பிடித்த மீனையும் மாறி மாறிக் காட்டினான். அவன் தூக்கிப் பிடித்த கோணத்தில் மீன் அவனைவிட நீளமாகத் தெரிந்தது. பாலேந்திரனிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? சுவிஸில் லாங்கன்தாலுக்கு மேலே ஒரு மேட்டுக் கிராமத்தில், தொழிற்சாலையில் கூட வேலை செய்த சுவிஸ்காரர் ஓய்வு பெற்றபோது கிட்டத்தட்டச் சும்மா மாதிரித் தள்ளிவிட்டுப் போன ஒரு துண்டுக் காணி. அதுவும் சரிவு. ஓட்டைக் கொட்டில் ஒன்று, ஆப்பிள் மரம் இரண்டு, மிச்சமெல்லாம் தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டிச் செடி, இடுப்பளவு. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு வெங்காயம்கூட நட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆப்பிள் மரத்தடியில் மான் வந்து நின்றது.

"இஞ்ச பார் சயந்தன்!" பாலேந்திரன் போனைத் திருப்பினார். "இது எங்கட காணி மான்."

"உண்மையாவோ அத்தான்? சுடுவியளோ?"

"பின்னே? வளத்துக் கலியாணம் கட்டிக் குடுக்கவோ? நீ இஞ்சால வரேக்க ஒரு தொடை உனக்கு!"

"அக்கா, கேட்டனீங்களோ? அத்தான் மான் சுடப்போறாராம்!"

கஜலக்சுமி கையுறை போட்டுக் காஞ்சோண்டி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மானைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"முதல்ல இந்தக் காஞ்சோண்டியைச் சுடச் சொல்லு," என்றாள்.

சயந்தன் கனடாவுக்குச் சொன்னான். கனடா லாங்கன்தாலுக்குச் சொன்னது. அடுத்த கிழமை கோயிலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "எப்ப அண்ணை மான்?" தொழிற்சாலையில் மரியதாஸ், "நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தொடை எனக்கு, மறந்திடாதையுங்கோ," என்று இப்போதே பதிவு செய்தார். கோயில் ஐயர்கூடத் தனியாகக் கூப்பிட்டு, "இறைச்சி நமக்கு ஆகாது. தோல் ஒண்டு கிடைச்சால் தியானத்துக்கு உதவும்," என்றார். பாலேந்திரன் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு மானுக்கு ஏழு தொடை ஆகியிருந்தது.

இனிப் பின்வாங்க முடியாது என்று பக்கத்துக் காணி ஊலியிடம் போனார். ஊலி வயதான விவசாயி, அந்த ஊர் வேட்டைக்காரர்களில் மூத்தவர். அவருடைய சுவிஸ் ஜெர்மன் பேச்சைப் பாலேந்திரன் மனதுக்குள் யாழ்ப்பாணத்துக்கு மாற்றித்தான் கேட்பார். நாமும் அப்படியே கேட்போம்.

"காணி உன்ரதான் பாலா. புல்லும் உன்ரதான். ஆனா மான் உன்ரேல்ல."

"என்ர காணியிலதானே மேயுது?"

"மேகமும் உன்ர காணிக்கு மேலதான் போகுது. பிடிச்சுக் கட்டி வைப்பியோ?"

அப்போதுதான் விசயம் விளங்கியது. சொந்தக் காணியில் நிற்கும் மானைச் சுடுவதற்கும் படிப்பு வேண்டும், சோதனை வேண்டும், குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அனுமதி. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பார்கள். பாலேந்திரனுக்கு ஏழு தொடையும் கண்முன்னே வந்து நின்றன. போய் அந்தப் படிப்புக்குப் பதிந்துவிட்டு வந்தார்.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இந்த நாட்டுக்கு ஓடி வந்தனீங்கள்," என்றாள் கஜலக்சுமி. "இப்ப காசு கட்டித் துவக்குப் பழகப் போறியளோ?"

"அது வேற துவக்கு, இது வேற துவக்கு," என்றார்.

மானைச் சுடப் பழகுமுன் மானைக் காப்பாற்றப் பழக வேண்டும் என்பது அங்கத்தைய முறை. வைகாசியில் புல் வெட்டும் இயந்திரம் இறங்குமுன், விடியற்காலையில் புல்வெளியில் வரிசையாக நடந்து, உள்ளே படுத்திருக்கும் குட்டிகளைத் தேடி எடுத்து ஓரத்தில் விட வேண்டும். மனித வாடை படக்கூடாது. கை நிறையப் புல்லைப் பிடுங்கி, அதற்குள் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

பாலேந்திரனுக்கு ஒன்று கிடைத்தது. இரண்டு கைக்குள் அடங்கிய சீவன். ஓடவில்லை, கத்தவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. மகள் யதுஷா பிறந்த அன்று தாதி துணியில் சுற்றிக் கையில் தந்தபோது இதே பாரம், இதே சூடு. அன்றைக்கு அழுதது போலவே இன்றைக்கும் அவருக்குக் கண் முட்டிவிட்டது. அதை ஓரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினால், தேநீர்ப் போத்தலோடு கஜலக்சுமி வேலியடியில் நிற்கிறாள்.

"என்னப்பா, கண் சிவந்திருக்கு?"

"புல்லுத் தூசி."

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ," என்றாள்.

சோதனையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். சுடும் சோதனையில் மட்டும் முதல் தரமே முழுப் புள்ளி. கடதாசி மானோடு அவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, நெஞ்சிலேயே சுட்டார். செய்தி வந்த கிழமை கோயில் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். லாங்கன்தாலின் முதல் தமிழ் வேட்டைக்காரர் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். கை தட்டியவர்களில் மூன்று பேர் அப்போதே தொடை கேட்டார்கள்.

ஊலியின் உதவியோடு ஆப்பிள் மரத்துக்கு எதிரே பரண் கட்டி, அந்த வருட வேட்டைக் காலத்தில் ஏறி உட்கார்ந்தார். மான் வந்தது. துவக்கைத் தூக்கினார். புல்லில் கிடந்த ஆப்பிள் ஒன்றை மான் கடித்து, வாயை ஒரு பக்கமாக வைத்து மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது. விரல் அசையவில்லை. பாலேந்திரன் மெல்ல இருமினார். மான் ஓடிவிட்டது.

"காத்து மாறிப்போச்சு," என்றார் வீட்டில். அடுத்த தரம் தும்மல். அதற்கடுத்த தரம் மறுபடியும் இருமல். கஜலக்சுமி ஒவ்வொரு முறையும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நெஞ்சில் சளியே இல்லாத மனுசன் அதை மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தார். அந்தக் காலம் அப்படியே கழிந்தது.

அடுத்த ஆவணியில் சயந்தன் கூப்பிட்டான்.

"அத்தான், ரிக்கற் போட்டாச்சு! ஐப்பசியில வாறன். உங்களோட பரணில நானும் ஏறுறன். நீங்கள் சுடுறதை வீடியோ எடுத்து இஞ்ச எல்லாருக்கும் காட்டோணும்."

பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு இருமித் தப்ப முடியாது. சுட்டால் மான் போகும், சுடாவிட்டால் மானம் போகும். பொன்னாடை வேறு அலுமாரிக்குள் இருந்து முறைத்துக்கொண்டிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் மச்சம் இல்லை, மீனோ இறைச்சியோ வாசல்படி தாண்டாது. அதைச் சாட்டித் தப்பலாமா என்று யோசித்தார். அந்த ஊரில் வேட்டைக்கு விட்ட நாள்கள் திங்கள், புதன், சனி. செவ்வாயும் வெள்ளியும் மானுக்கும் ஓய்வு. சுவிஸ் சட்டமும் சைவ சமயமும் போயும் போயும் இந்த இடத்திலா ஒத்துப்போக வேண்டும் என்று தலையில் கை வைத்தார்.

அந்தக் கிழமைதான் கஜலக்சுமி கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, வேட்டைக் காலம் முடியுமட்டும் திங்கள், புதன், சனியும் வீட்டில மச்சம் இல்லை. ஆரும் உயிர்க்கொலை செய்யவும் கூடாது."

"என்ன திடீரெண்டு?"

"எங்களுக்கு நேரம் சரியில்லையாம். சாத்திரியார் சொன்னவர்."

"எந்தச் சாத்திரியார்?"

"புதுசா ஒராள். இஞ்ச கிட்டத்தான். நாள் சொன்னா பிசகாது. காசு வாங்கமாட்டார், மரக்கறி ரோல்ஸ் எண்டா உயிர்."

பாலேந்திரனுக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் வேட்டைக்காரன் கோபப்பட வேண்டாமா? மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"என்ன விளையாட்டோ? ராப்பகலாப் படிச்சு எடுத்த லைசன்ஸ்! அதைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவுறதோ?"

"உங்களுக்கு அவ்வளவு கஷ்டமெண்டா விரதத்தை விடுறன்."

"சீச்சீ!" பாலேந்திரன் அவசரமாக எழும்பினார். "தெய்வ காரியம். அதில விளையாடக் கூடாது. நான் பொறுத்துக்கொள்ளுறன்."

பழைய செவ்வாய் வெள்ளியோடு இந்த மூன்றும் சேர, வேட்டைக்காரன் வீட்டில் கிழமைக்கு ஐந்து நாள் பருப்பும் கீரையும் என்றாகிவிட்டது. பாலேந்திரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை நண்டுக் கறி என்றால் கஜலக்சுமிக்கு உயிர். மற்ற நாள்களில் வேலை முடிந்து வந்து நண்டு உடைக்க அவளுக்கு நேரம் கிடையாது, ஞாயிறென்றால் கடை பூட்டு. சனிக்கிழமையும் வாழைக்காய்ப் பொரியலோடு அவள் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. வெள்ளை மனசுக்காரி, பக்தியில் செய்கிறாள், நானோ அதற்குள் ஒளிந்துகொண்டு அவளையே ஏமாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் குறுகிப்போனார்.

சயந்தன் வந்து இறங்கிய மறுநாள் சனிக்கிழமை.

"அக்கா, இண்டைக்குச் சுட்டிட்டு ஞாயிறு காய்ச்சினா என்ன?"

"காய்ச்சிறது ஞாயிறு. கொல்லுறது சனி. பாவத்தை எந்த நாளில எழுதுறது?"

"என்ர பேரில எழுதச் சொல்லுங்கோ!"

"நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். பாவம் இஞ்சயெல்லோ நிக்கும்."

பாலேந்திரன் துவக்கை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். முதல் நாளிரவே கண்ணாடியின் முன் நின்று பழகிய பெருமூச்சு.

"பாத்தியோ சயந்தன் என்ர நிலமையை? விரல் துடிக்குது. கையைக் கட்டிப்போட்டு வச்சிருக்கிறா உன்ர அக்கா."

"விடுங்கோ அத்தான். அக்கா பிடிச்ச பிடி விடமாட்டா. சின்னனில இருந்தே அப்பிடித்தான்." சயந்தன் அவர் தோளைத் தடவிக் கொடுத்தான். "உங்களைப் போல ஒரு ஆளுக்கு இப்பிடி ஒரு சோதனை!"

பின்னேரம் துவக்கில்லாமல் காணிக்குப் போனார்கள். மூடுபனி விலகிக் கொஞ்ச வெயில் விழுந்திருந்தது. காஞ்சோண்டி போன இடத்தில் புல் மெத்தென்று வந்திருந்தது. சயந்தனும் பாலேந்திரனும் பரணில் ஏறினார்கள். கஜலக்சுமி கொட்டிலடியில் பாயை விரித்து, ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள்.

மான்கள் வந்தன. தாயொன்று, பின்னால் வளர்ந்த குட்டியொன்று. ஆப்பிளைக் கடித்துக்கொண்டு ஆறுதலாக நின்றன. சயந்தன் போனைப் பிடித்துக் குசுகுசுவென்று பேசினான்.

"இதுதான் அத்தான்ர மான். அக்கான்ர விரதம் மட்டும் இல்லையெண்டா இண்டைக்கு இது கறி. அத்தான்ர முகத்தைப் பாருங்கோ, மனுசன் எவ்வளவு அடக்கிக்கொண்டிருக்கிறார் எண்டு."

பாலேந்திரன் உதட்டை இறுக்கிக் கமராவைப் பார்த்தார். உண்மையிலேயே அடக்கிக்கொண்டுதான் இருந்தார், சிரிப்பை. வீடியோ அங்கேயே கனடாவுக்குப் போனது, அங்கிருந்து லாங்கன்தாலுக்குத் திரும்பி வந்தது. மரியதாஸ் உடனே எழுதினார்: "விரதம் முடியட்டும் அண்ணை, அவசரமில்லை." வாக்குக் கொடுத்த தொடைகள் எல்லாம் தாயும் குட்டியுமாக நடந்து காட்டுக்குள் போவதைப் பாலேந்திரன் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தார். மானும் தப்பியது, மானமும் தப்பியது. இப்படி ஒரு நிம்மதி அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த அன்றும் வந்ததில்லை.

சயந்தன் இறங்கி அக்காவோடு கொட்டிலுக்குள் தேநீர் ஊற்றப் போனான். பாலேந்திரன் ஏணியடியில் நின்றபோது ஊலி வேலியைத் தாண்டி வந்தார். கையில் கஜலக்சுமி கொடுத்த ரோல்ஸ் ஒன்று. சட்டைப் பையில் கடதாசியில் சுற்றி இன்னும் இரண்டு. ஆற அமரக் கடித்து மென்று, கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஊலி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பாலா, கனநாளாக் கேக்கோணுமெண்டு இருந்தனான். எந்தெந்த நாள் வேட்டையெண்டு என்னட்டக் கேட்டுக்கொண்டு போன நாளில இருந்து உன்ர மனிசி என்னை 'சாட்டிரியார், சாட்டிரியார்' எண்டெல்லோ கூப்பிடுறா, அப்பிடியெண்டா தமிழில என்ன?"