இளவரசன் குடித்த பால்

நாடகத்துக்கு நாலே நாள் இருக்கையில், விஷம் வைக்க முடியாது என்று மந்திரி கையை விரித்துவிட்டார்.

மந்திரியாக நடிக்கும் தேவநேசனுக்கு எஸ்டேட் முக்கில் டீக்கடை. "ஏனுங்கண்ணா, நான் பால்ல வெசம் கலக்கறத அத்தன சனமும் பாத்துப்போட்டு, மக்யா நாளு விடிஞ்சா எங்கடையில டீ குடிக்குமுங்களா?"

நாடகம் எழுதிய லிங்கசாமிக்கு டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை. வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் நாடகம்தான். இந்த வருஷம் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது: சனம் நடுவில் எழுந்து போனால், அடுத்த வருஷம் கோயமுத்தூர் ஆர்கெஸ்ட்ரா. அதனால்தான் மனுஷர் ஒரு சோக நாடகத்தை எழுதியிருந்தார். ராஜா உத்தரவு போட, மந்திரி விஷம் கலக்க, சித்தி ராணி பாலைக் கொண்டுபோய்க் கொடுக்க, பாவம், இளவரசன் சாகிறான்.

சரி போகட்டும் என்று மந்திரியை நல்லவனாக்கி, கலக்குகிற வேலையையும் ராணி தலையில் கட்டினார். மறுநாள் கொழுந்து மூட்டையை இறக்கின கையோடு ராணி சாந்தாமணி வந்து நின்றாள். அவள் பையனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் கேத்தியிலிருந்து நாடகம் பார்க்க வருகிறார்களாம். "வர்ற மருமவ கண்ணு முன்னால நான் புள்ளைக்கு வெசம் குடுக்கட்டுங்களா?"

லிங்கசாமி ராணிக்கு ஒரு தாலாட்டு எழுதிக் கொடுத்து, மொத்தப் பழியையும் ராஜா மேல் போட்டார்.

ராஜா பாண்டியராஜ், யூனியன் தலைவர். அடுத்த மாசம் யூனியன் தேர்தல். பெற்ற பிள்ளையைக் கொன்றவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அவரும் நல்லவரானார்.

இவர்கள் பின்னாலேயே மூன்று நாளும் ராசு வந்து நின்றான். பத்து வருஷமாக ஈட்டியும் கையுமாக மேடை ஓரத்தில் நிற்கிற காவலாளி அவன். ஒரு வசனம் கிடையாது. உனக்கு மாற்ற என்னய்யா இருக்கிறது என்று லிங்கசாமி அவசரத்தில் விரட்ட, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

இளவரசன் வெற்றிச்செல்வன் மட்டும் தொந்தரவு கொடுக்கவில்லை. ஒரு மாசமாகச் செத்து விழுந்து பழகி, முழங்கையெல்லாம் சிராய்ப்பு அவனுக்கு.

திருவிழா சாயங்காலம் பனி இறங்கியும் ஒரு நாற்காலி காலியில்லை. இளவரசன் பாலைக் குடித்து, ஐந்து நிமிஷம் அருமையாகச் செத்தான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். லிங்கசாமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அப்புறம்தான் வினை. "என் மகனைக் கொன்றது யார்?" என்று ராஜா கர்ஜித்தார். யான் அறியேன் மன்னா என்றார் மந்திரி. ராணி தாலாட்டை இன்னொரு தரம் பாடினாள். நானும் இல்லையே என்று ராஜாவே அழுதார். பிறகு மூவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

அடித்துத் திருத்திய அவசரத்தில் கொலைகாரன் யார் என்று எழுதவே இல்லை என்பது, திரைக்குப் பின்னால் நின்ற லிங்கசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப யாருதான் வெச்சது?" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பின்வரிசையில் நாலு பேர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். போச்சு, ஆர்கெஸ்ட்ராதான் என்று லிங்கசாமி திரைக் கயிற்றில் கை வைத்தார்.

அதற்குள் ராசு ஈட்டியைச் சிம்மாசனத்தில் சாய்த்துவிட்டு மைக் முன்னால் வந்துவிட்டான். பத்து வருஷமாக வாய் திறக்காதவன் பேச வருவதைப் பார்த்து, எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"நான்தானுங்க ராசா வெச்சேன். பத்து வருசமா உங்க அரமனையில நிக்கறேன், ஒரு வாய் பாலு குடிக்கறயான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"