நடுநிலை ரசிகன் கொடுத்த ஒரு நட்சத்திரம்

“என்னங்க, இங்க பாருங்க. எவனோ ஒருத்தன் நம்ம சின்னவன் படத்தை ஒன்றரைப் பக்கத்துக்குக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கான். அவன் கை விளங்குமா?”

மனைவி இப்படிச் சபித்தபோது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் கை தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தது. பாதி சட்டையில் கொட்டியது.

“யாராம்?” என்றார்.

“நடுநிலை ரசிகனாம்! நடுநிலையும் இல்ல, ரசிகனும் இல்ல. வயித்தெரிச்சல் பிடிச்சவன்.”

வயிற்றெரிச்சல் பிடித்தவர் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவன், அவர் மனைவியின் தம்பி. முப்பத்தொரு வயதாகியும் குடும்பத்தில் அதே பெயர்தான். ஆறு வருடம் இவர்கள் வீட்டில் தங்கி வாய்ப்புத் தேடினான். கூடத்தில் சண்டை பழகுகிறேன் என்று இரண்டு ஜன்னல், ஒரு மீன் தொட்டி, அக்காவின் கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் உடைத்தான். பிறகு ஸ்டண்ட்காரர் ஒருவரோடு தனி அறை எடுத்துப் போனான். போன இடத்தில் எப்படியோ கதாநாயகனாகிவிட்டான்.

படம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பொறுப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஒரு பையன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்து காட்டினால் பெண் தருகிறேன் என்கிறார் பெண்ணின் அப்பா. அந்த ஒரே வாரத்தில் கடத்தல் கும்பலிடம் மாட்டிக்கொண்டு குடை, துடைப்பம், குக்கர் மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடித்துத் தப்பிக்கிறான்.

கடைக்காரர் வீட்டில் சொல்லாமல் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனார். பதினொரு தடவை சிரித்தார். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யார் பெத்த பிள்ளையோ, என்னமா சிரிக்க வைக்குது!” என்றார். அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன். அவன் சொன்ன ஒரு வேடிக்கைக்கும் இவர் பல்லைக் காட்டியதில்லை. வெளியே வந்ததும் சிரித்ததைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இணையத்தில் பொய்ப் பெயரில் எழுதினார்:

‘முப்பது வயதுக் குழந்தை. கொசு அடிப்பதுபோல் சண்டை போடுகிறார். ஆஸ்பத்திரிக் காட்சியில் அழ வேண்டிய இடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தோள் குலுங்குவதைப் பார்த்தால் சிரிக்கிறாரோ என்று சந்தேகம் வருகிறது. அழத் தெரியாதவர் நம்மை ஏன் அழ வைக்கிறார்?’

ஒரு நட்சத்திரம்.

“பதில் எழுதுங்க” என்றாள் மனைவி.

“நான் எதுக்கு? விடும்மா, நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

“உங்க மச்சானை ஒருத்தன் திட்டுறான், நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘அடேய் நடுநிலை, என் மச்சானைக் குறை சொல்லும் உனக்குக் கண் தெரியவில்லை என்றால் எங்கள் கடைக்கு வா. இலவசமாகச் சோதித்து அனுப்புகிறோம்.’ தன்னைத் தானே ‘அடேய்’ என்று எழுதுவது அவருக்கு அதுவே முதல் தடவை. அடியில் கடையின் பெயரையும் போடச் சொன்னாள். போட்டார்.

மறுநாள் காலை கடைக்கு நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் படம் பார்த்தவர்கள்.

“இலவசமாமே? படம் பார்த்ததிலிருந்து கண்ணு ஒரு மாதிரியா இருக்கு” என்றார் ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சோதனைச் சட்டகத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் செருகி, “இது தெளிவா, இது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே கடையின் இணையப் பக்கத்தில் கருத்துகள் குவிந்தன. ‘இந்தக் கடையில் கண்ணாடி வாங்கினால் சுமாரான படமும் சூப்பராகத் தெரியுமாம்.’ பத்தொன்பது வருடம் கட்டிக்காத்த கடை மத்தியானத்துக்குள் இரண்டு நட்சத்திரத்துக்கு இறங்கியது.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

“சின்னவன் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. வீட்டு ஓனரம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு நாளா ரூமைப் பூட்டிக்கிட்டு உள்ள அழறானாம். மாடி வரைக்கும் கேக்குதாம்.”

“அழறானா?”

“விக்கி விக்கி அழறானாம். அந்தப் பாவி எழுதினதைப் படிச்சுட்டுத்தான்.”

அவள் போன பிறகு கடைக்காரர் கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு எதிரே, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய எழுத்துகூடக் கலங்கலாகத் தெரிந்தது. மீன் தொட்டி உடைந்த அன்று சின்னவன் ஈரத் தரையில் மண்டியிட்டு, “மாமா, ஒரே ஒரு சான்ஸ் கிடைச்சா போதும், உங்களுக்கு இதைவிடப் பெரிய தொட்டி வாங்கித் தரேன்” என்றது நினைவு வந்தது. அன்று இவர் பதில்கூடச் சொல்லவில்லை.

போனை எடுத்தார். ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தார். நடுநிலை ரசிகனையே இல்லாமல் ஆக்கினார். அப்போதும் மனம் ஆறவில்லை. பாராட்டி எழுத உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், இரட்டைக் குழந்தைகளின் தாய், கராத்தே ஆசிரியர் என்று ஏழு பேராக மாறினார். ஏழு பேரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். ஏழு பேரும் அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

ஏழு பேரும் ‘அற்ப்புதம்’ என்று எழுதினார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழாசிரியை. அவர் படம் பார்க்கவில்லை; பிழை மட்டும் பார்த்தார். ‘ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரு ப் அதிகமாக விழுவது எப்படி?’ என்று கேட்டார். அரைமணி நேரத்தில் யாரோ கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டார்கள். ‘அற்ப்புதமான கண்ணாடிகள் இங்கே கிடைக்கும்.’

அதோடு முடிந்தது. ‘கதாநாயகனின் மாமா கைவரிசை’ என்று தலைப்பு வைத்தார்கள். உண்மையாகவே சிரித்துவிட்டு வந்து நல்லதாக நாலு வார்த்தை எழுதியவர்களையும், “நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்?” என்று கேட்டார்கள். தியேட்டரில் பக்கத்து இருக்கையில் சிரித்த பெண்மணி எழுதியிருந்தால் அவரையும் கேட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கிட்ட வந்து, “தம்பிக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்களே” என்று தோளைத் தொட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. கடையைப் பூட்டிக்கொண்டு நேராகச் சின்னவன் அறைக்குப் போனார். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: “தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடுப்பா.”

கதவைத் திறந்தவர் ஸ்டண்ட்காரர். இடது கையில் கட்டு. உள்ளே இரண்டு கட்டில். ஒன்றில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

“சின்னவன் இல்லையா?”

“காலையிலதான் கிளம்பினான் சார். அவன் கூடப் படிச்சவர் வெளியூர்ல ஆணி, பெயின்ட்டு விக்கிற கடை வெச்சிருக்காராம். அங்க நிக்கப் போறானாம். நடிப்பு வேண்டாம்னுட்டான்.”

கடைக்காரர் காலியான கட்டிலில் உட்கார்ந்தார். இத்தனை தூரம் சொல்லிப் பழகிய வாக்கியத்தைக் கேட்க ஆள் இல்லை. யாரிடமாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

“அந்த நடுநிலை ரசிகன் நான்தான்” என்றார். “அவனை அழ வெச்சது நான்தாங்க.”

ஸ்டண்ட்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முறைப்பார் என்று கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரோ நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அழுதானா? பழகினான் சார்! ‘என் முதுகைக்கூட ஒருத்தர் கவனிச்சுப் பார்த்திருக்காருண்ணே’ன்னு சொல்லிச் சொல்லி, நாலு நாள் போனை அணைச்சுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு அழுது பழகினான். நல்லா வந்துச்சு சார். நானே இந்தக் கட்டுலதான் கண்ணைத் துடைச்சேன். அதை வீடியோ எடுத்து, ‘இப்ப சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க’ன்னு உங்களுக்கு அனுப்பறதுக்காகத்தான் அஞ்சாவது நாள் போனையே மறுபடி ஆன் பண்ணினான்.”

“அப்புறம் ஏன் போனான்?” என்றார் கடைக்காரர்.

“திட்டினதுக்காக அவன் போகல சார், தேடிப் பார்த்தான், அந்தத் திட்டைக் காணோம், அதான் போயிட்டான்.”