பீரோவுக்குள் குண்டூசி

"இந்த வீட்டையாவது கெடுத்துடாதீங்க. வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டுங்க."

லிஃப்டுக்குள் மனைவி இப்படிச் சொன்னதும் அவர் அப்போதே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

சும்மாவா ஆட்டுவார்? இருக்கிற வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாதக்கணக்கில் அலைந்து அவள் பிடித்த வீடு, ஊரே 'பீரோ' என்று கூப்பிடும் இந்தக் கட்டிடத்தில். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் சாட்சாத் இவர்தான். 'குண்டூசி' என்ற புனைபெயரில் ஊர்க் கட்டிடங்களை வாராவாரம் பத்திரிகையில் குத்துகிறவர். "நிமிர்த்தி வைத்த பீரோ, உள்ளே மனிதர்களை மடித்து வைத்திருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு, தானே படித்துப் படித்துச் சிரித்தவர்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் காலி வீட்டின் கதவைத் திறந்தார். அவர் சம்மதித்தால்தான் சாவி.

"எங்க கட்டிடத்தைப் பத்தி ஒருத்தன் எழுதினானே, படிச்சீங்களா?"

தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். "படிச்சேன் சார். சுத்த மடையன்" என்றார்.

செயலாளர் முகம் மலர்ந்தது. "சாயங்காலம் மொட்டை மாடியில கூட்டம் இருக்கு. இதையே அங்க வந்து சொல்லுங்களேன்."

"எனக்குப் பேச வராது சார்."

"இப்பப் பேசினீங்களே, அது போதும்."

மனைவி இவர் பக்கமே திரும்பவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது மூன்றாம் மாடி அம்மா. "என் பொண்ணு ஸ்கூல்ல யாருக்கும் அட்ரஸே சொல்றதில்ல. பீரோக்காரின்னு கூப்பிடறாங்களாம்."

இவர் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தார். இப்படி ஒரு பெண் இருப்பாள் என்று எழுதும்போது தோன்றவே இல்லையே. அதற்குள் செயலாளர் இவரைக் கைகாட்டிவிட்டார்.

"அவனுக்குக் கட்டிடத்தைப் பத்தி என்ன சார் தெரியும்? வராந்தா பூரா காத்து வருது. படியில நாலு பேர் நின்னு பேச இடம் இருக்கு. உள்ள காலே வைக்காம, பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு எழுதியிருக்கான்."

"பஸ் ஜன்னல்லேர்ந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் செயலாளர்.

"ஊகம்தான் சார். மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?"

"மூஞ்சியைப் பார்த்திருக்கீங்களா?"

"ஷேவ் பண்ணும்போது…" என்று ஆரம்பித்து, இருமி, தண்ணீர் குடித்தார். "அவன் எவனா இருந்தா என்ன சார்? இங்க வந்து அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மொட்டை மாடியே கைதட்டியது. மனைவியும் தட்டினாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மடையன் நான்தான் என்று சொல்லிவிட வாயெடுத்தார். செயலாளர் சாவியைக் கையில் திணித்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மூன்றாம் மாடி அம்மா பக்கத்தில் வந்தாள். "நல்லாப் பேசினீங்க. என் பொண்ணு வீட்டுலதான் இருக்கா. இப்பவே வர்றீங்களா?"

"நான் எதுக்கும்மா?"

"முதல்ல தனியா வீடு பார்க்க வந்த அன்னிக்கே உங்க வீட்டம்மா உங்களுக்காக எங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டாங்க, குண்டூசி சார். அன்னிக்கே வீட்டையும் குடுத்தாச்சு. பாக்கி என் பொண்ணு மட்டும்தான்."