ஒன்பது நாள் தேயாத சோப்பு

அன்பும் மரியாதையும் மிக்க சித்திக்கு,

வணக்கம். இரவு ஒன்றே கால் மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பகலில் கணினியைத் திறந்தால் பாப்பா அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் பாத்திரம், இரண்டு மணி நேரம் பாடம், அதற்கப்புறம் மிஞ்சுவதுதான் உறவினர்களுக்கு. இங்கே வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் நலம், அதாவது அறுபத்தாறு புள்ளி ஏழு சதவீதம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, சித்தப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை இன்னும் பூந்தொட்டியில்தான் போடுகிறாரா என்று அறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுவீர்கள், சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து "யாரு, சின்னவளா? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நான் விஷயத்துக்கு வருவதற்குள் பாப்பா எழுந்துவிடுவாள். அதனால்தான் மின்னஞ்சலில் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமையிலிருந்து பாப்பாவை அனுப்ப வேண்டாம் என்று குழந்தைகள் காப்பகத்து டீச்சரம்மா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் என்பதால்தான் அந்த இடமே எங்களுக்குக் கிடைத்தது. இனி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் உண்டு. பக்கத்துத் தெருக் காப்பகத்தில் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தேன், நம் முறை வரும்போது பாப்பா பள்ளிக்கூடமே போய்விடுவாள். எனக்கோ வருகிற புதன்கிழமை பரீட்சை. மூன்று மணி நேரம் கேமரா முன்னால் உட்கார வேண்டும், அறையில் இன்னொரு உயிர் நடமாடினால் பரீட்சை மென்பொருளே நம்மை வெளியே தள்ளிவிடும். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று கேட்காதீர்கள். போன மாதம் ஒரு நாள் விடுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் பாப்பா விளையாடிக்கொண்டிருந்தாள், இவர் கட்டிலில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார்.

என் பக்கம் இருக்கிற நியாயம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முழுக் கதையையும் சொல்கிறேன். "வீட்ல சும்மாதானே இருக்கே, மேல ஏதாவது படிடி" என்று ஆரம்பித்து வைத்ததே நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள். பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு, முழுக்க இணைய வழி. 'உங்கள் வசதிப்படி, உங்கள் வேகத்தில்' என்கிற விளம்பரத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையும் கையில் காப்பியுமாகக் கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை வாடகைக்கு எடுத்தது என்று இப்போது புரிகிறது. என் வசதி என்னவென்றால், இந்த வீட்டில் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தால்தான் வைஃபை ஒழுங்காக வருகிறது. தொற்றுநோயியல் முழுவதையும் அதன் மேல் உட்கார்ந்துதான் படித்தேன், துணி பிழிகிற நேரத்தில் படித்த பகுதிகள் இன்றைக்கும் நடுங்கிக்கொண்டுதான் நினைவுக்கு வருகின்றன. என் வேகம் என்னவென்றால், பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுப் பழகி, இப்போது இவர் பேசினால் பேட்டரி தீர்ந்த பொம்மை பேசுவது போல இருக்கிறது. வாரம் ஒரு நோய் வீதம் பாடம் வருகிறது, அந்த வாரம் முழுக்க அந்த நோய் நம் வீட்டில்தான் குடியிருக்கிறது. காசநோய் வாரத்தில் இவர் வாசலில் நின்று இருமினார். "எத்தன நாளா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். "எதிர்வீட்டுக்காரரக் கூப்பிடறதுக்குக் கனைச்சேன்மா, அதுக்குக்கூட உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கனைக்கணுமா?" என்றார். போதாததற்கு விவாதப் பலகை என்று ஒன்று. வாரம் ஒரு கருத்து எழுதி, இரண்டு பேருக்குப் பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. ஆகவே நாற்பது பேர் நாற்பது பேரைப் பார்த்து 'மிகவும் சிந்திக்க வைக்கும் கருத்து' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் 'எனக்குக் கோப்பு திறக்கவில்லை' என்று போட்டிருந்தார். அதற்கும் ஆறு பேர் சிந்தித்திருந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் கள ஆய்வு வந்தது. எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் நெற்றி சார் என்று பெயர் வைத்திருக்கிறோம், கேமராவில் அவருடைய நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும் மட்டும்தான் தெரியும். அந்த நெற்றி சொன்னது: "ஜனங்க சொல்றத நம்பாதீங்க. கை கழுவுறீங்களான்னு கேட்டா எல்லாரும் கழுவுறோம்னுதான் சொல்லுவாங்க. கேக்காதீங்க, அளந்து பாருங்க." உங்கள் அக்கம்பக்கத்தில் ஒரு சுகாதாரப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு அளந்து வர வேண்டும் என்று உத்தரவு. அதே வாரம் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, ஆறு வாரத்தில் மூன்றாவது தடவை. அவள் இருப்பது இரண்டே இடம், வீடு, காப்பகம். வீட்டில் முதுநிலைப் பொது சுகாதார மாணவி இருக்கிறாள், ஆகவே வீட்டை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மிச்சம் காப்பகம். அங்கே வாசலை ஒட்டி ஒரு கழிவறை, அதில் ஒரு வாஷ்பேசின், அதன்மேல் இளஞ்சிவப்பில் ஒரு கட்டி சோப்பு. பதினைந்து குழந்தைகள் நாளைக்கு ஐந்து தடவை கை கழுவினால் அந்தச் சோப்பு என்ன பாடு பட வேண்டும்? அதுவோ கடையில் வாங்கின முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது சித்தி. சோப்பு பொய் சொல்லாது, அதை எடை போட்டால் போதும்.

மறுநாளிலிருந்து சமையலறைத் தராசை டயப்பர் பைக்குள் ஒளித்து எடுத்துப் போனேன். பாப்பாவை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டு, சோப்பை ஒரு டயப்பரில் ஒற்றி ஈரம் எடுத்து, தராசில் வைத்து, எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வெளியே வருவேன். முதல் நாள் எண்பத்தேழு கிராம். இரண்டாம் நாள் எண்பத்தேழு. மூன்றாம் நாள் அதே எண்பத்தேழு. நான்காம் நாள் ஆயாம்மா வழி மறித்தார்.

"ஏம்மா, டெய்லி வந்ததும் வராததுமா உள்ள ஓடுறீங்களே, வயிறு சரியில்லையா?"

"இல்லைங்க ஆயாம்மா, சும்மாதான்."

"சும்மா யாரும்மா அங்க போவாங்க? வெக்கப்படாதீங்க. கொஞ்சம் வெந்நீர் தரேன், குடிச்சிட்டுப் போங்க."

அன்றிலிருந்து தினமும் ஒரு டம்ளர் வெந்நீர். ஆய்வு செய்பவர் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பாடத்தில் இருந்ததால் மறுபேச்சில்லாமல் குடித்தேன். ஒன்பது நாள், ஆறு டம்ளர், எண்பத்தேழு கிராம். வரைபடம் போட்டால் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி வந்தது. நெற்றி சார் முதல் தடவையாக முகவாய் தெரியும் அளவுக்குக் குனிந்து பார்த்து, "இவ்வளவு சுத்தமான தரவ நான் பாத்ததே இல்லம்மா" என்றார். வகுப்பே சிந்தித்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினோராவது பாடத்தில், ஆய்வின் முடிவுகளை அந்தச் சமூகத்திடமே கொண்டு சேர்ப்பது ஆய்வாளரின் கடமை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சமூகம் என்றால் யார்? காப்பகத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுதான். நேற்று இரவு வரைபடத்தோடு போட்டுவிட்டேன். 'ஒன்பது நாள் கண்காணிப்பில் இக்காப்பகத்தில் கை கழுவும் பழக்கம் பூஜ்யம் எனக் கண்டறியப்பட்டது. பீதி அடைய வேண்டாம்.'

சித்தி, பீதி அடைய வேண்டாம் என்று எழுதினால் ஜனங்கள் பீதியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. இன்று காலை பதினைந்து பிள்ளைகளில் ஆறு பேர் வரவில்லை. வந்தவர்களின் அம்மாக்கள் வாசலிலேயே நின்று ஆயாம்மாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் குற்றவாளி மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். டீச்சரம்மா என்னைக் கண்டதும் கேட்டைப் பாதி சாத்தினார்.

"பத்தொம்பது வருஷமா பிள்ளைங்கள வளக்கறேன். ஒரு வார்த்த என்கிட்ட கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா எல்லாரும் கழுவுறோம்னுதான் சொல்லுவாங்க டீச்சரம்மா. அதனாலதான் அளந்தேன்."

"உள்ள வந்து பாத்தாவது இருக்கலாமே!"

"ஒம்போது நாளும் உள்ள வந்து பாத்துதானே எழுதினேன்!"

அந்த இடத்தில்தான் இன்றோடு சரி, திங்கட்கிழமையிலிருந்து வேண்டாம் என்றார். ஆயாம்மா இன்றைக்கு வெந்நீரும் தரவில்லை.

இவரிடம் வந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம தராசு இத்தன நாளா டயப்பர் பையிலயா இருந்தது? நான் வீடு பூரா தேடினேன்" என்றார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் சித்தி நான் பொது சுகாதாரத்தை முன்னேற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே நீங்கள் டீச்சரம்மாவிடம் பேசும்போது இந்த மூன்றையும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இது தனிப்பட்ட தாக்குதல் இல்லை, அறிவியல். என் நோக்கம் பதினைந்து குழந்தைகளின் நலம். அவர் என்மேல் கோபப்படுவதற்குப் பதிலாகச் சோப்பு விஷயத்தில் ஆயாம்மாவைக் கொஞ்சம் கண்டித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். பழைய தோழி என்கிற முறையில் நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார். சித்தப்பாவுக்கு என் வணக்கத்தையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், இந்த வாரம் மட்டும் இரட்டை அளவில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த,
உண்மையின் பக்கம் நிற்கும்,
மகள்.

பின்குறிப்பு: நேற்று இரவு அனுப்புவதற்குள் பாப்பா எழுந்துவிட்டாள், கடிதம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது சனிக்கிழமை மத்தியானம். மேலே எழுதியதில் நலம் விசாரித்த பகுதியையும் பரீட்சைத் தேதியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். சனிக்கிழமைகளில் பாப்பாவை அனுப்புவதில்லை, ஆனாலும் அவள் தலையணையையும் மாற்றுத் துணியையும் வாங்கக் காலையில் காப்பகம் போனேன். டீச்சரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பகத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே என் முழங்கால் உயரத்தில் வரிசையாக நாலு குழாய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பம்பு வைத்த சோப்பு நீர் பாட்டில். ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி என் கையைப் பார்த்து "நீ கழுவல" என்றாள். முன்பக்கத்துக் கட்டி சோப்பு என்னவென்று கேட்டேன். "அது விருந்தாளிங்களுக்கும்மா. யாராவது வந்தா கழுவட்டும்னு புதுசா எடுத்து வச்சதே நான்தான்" என்றார் ஆயாம்மா. அந்த ஒன்பது நாளில் அந்தச் சோப்பைத் தொட்ட ஒரே ஆள் நான்தான் சித்தி, நானும் அதில் கை கழுவவில்லை.

அதோடு விட்டார்களா? "மிச்சப் பதினாலு பிள்ளைங்கள்ல வேற யாருக்காவது வயித்துப்போக்கு வந்துச்சான்னு கேட்டீங்களா?" என்றார் டீச்சரம்மா. முதல் பாடத்தின் முதல் கேள்வி அது. கேட்கவில்லை. யாருக்கும் வரவில்லை. பாப்பா தண்ணீர் குடிக்கிற சிப்பரை வாங்கி, "உள்ள ஒரு ரப்பர் இருக்கே, கழட்டிக் கழுவுறீங்களா?" என்றார். அது கழலும் என்பதே எனக்குத் தெரியாது. ஆயாம்மா கொண்டை ஊசியால் நெம்பி எடுத்துக் காட்டினார். கறுப்பாக, பஞ்சு மாதிரிப் பூஞ்சை. எட்டாவது பாடத்தில் அதன் வண்ணப்படம் இருக்கிறது, பெயரையும் என்னால் தப்பில்லாமல் சொல்ல முடியும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆயாம்மா வெந்நீர் கொண்டுவந்தார்.

பெற்றோர் குழுவில் நடந்தது அத்தனையும் எழுதி, சிப்பரின் படத்தோடு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நெற்றி சாரிடமும் ஆய்வு முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட்டேன். "அதனால என்னம்மா, 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு தலைப்பு போட்டு ஒரு வரி சேத்துடுங்க. வரைபடம் அழகா இருக்கு, அத எடுத்துடாதீங்க" என்றார். முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்.

டீச்சரம்மா மட்டும் இன்னும் முடிவு சொல்லவில்லை. "உங்க சித்தி என்ன சொல்றாளோ கேட்டுக்கறேன்" என்றார். எனக்காக வாதாட வேண்டாம் சித்தி. இவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், பிள்ளையை மட்டும் மறுபடி சேர்த்துக்கொள் என்று சொல்லுங்கள், போதும். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.