மூன்று முறை கேட்கப்பட்ட தீவு

உலகத்தில் எத்தனையோ நாட்டார் எத்தனையோ நாடுகளைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் கேட்டுவிட்டுப் பிடித்தவர்கள் காஸ்டில் நாட்டார் மட்டுமே. மற்றவர்கள் வாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இவர்கள் வாளோடு ஒரு பத்திர எழுத்தரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் எங்கள் தீவுகளெல்லாம் இன்றைக்கும் 'கண்டுபிடிக்கப்படாமல்' நடுக்கடலில் அநாதையாகக் கிடந்திருக்கும். எங்கள் முன்னோர் அவற்றில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தீவு எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால், "இங்கே" என்பார்கள். இதெல்லாம் ஒரு விலாசமா?

அந்தப் பத்திர எழுத்தர்களில் தலைசிறந்தவர் பாஸ்குவால் டி ஓர்தூன்யா. ஒல்லியான மனிதர். கப்பல் ஏறிய நாள் முதல் வாந்தி. வாந்தி இல்லாத நேரத்தில் சட்டம். சட்டப்படி நடக்காத எதுவும் உலகத்தில் நடக்கவே இல்லை என்பது அவருடைய கொள்கை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடாவிட்டால் மழை பெய்ததைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். அதனாலேயே கேப்டன் லோப்பே டி சாரவியாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

எங்கள் தீவு கண்ணில் பட்ட அன்று, கரையிறங்குவதற்கு முன் படகிலேயே ஓர் 'ஆலோசனைக் கூட்டம்' நடந்தது.

"குவாரோவையும் இறக்கிடலாமா, கேப்டன்?" என்று கேட்டார் பாஸ்குவால். குவாரோ பக்கத்துத் தீவுக்காரன். முன்பு வந்த ஒரு கப்பல் அவனைப் பிடித்துப்போய், அடித்து அடித்துக் காஸ்டில் பாஷை கற்றுக்கொடுத்திருந்தது.

"அவன் எதுக்குய்யா?"

"ஆட்சேபம் உண்டான்னு மூணு தடவை கேக்கணுமே. அவன் இருந்தா இவங்களுக்குப் புரியும்."

"புரிஞ்சா?"

"பதில் சொல்லுவாங்க."

"அதான் வேண்டாங்கறேன். சட்டத்துல கேக்கணும்னு இருக்கா, புரியணும்னு இருக்கா?"

பாஸ்குவால் கண்ணை மூடிச் சட்டத்தை முழுதும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "கேக்கணும்னுதான் இருக்கு."

"அப்புறம் என்ன? அவன் படகுலயே கிடக்கட்டும்."

கடற்கரையில் ஊரே திரண்டு நின்றது. முன்னால் நின்றவள் ஊர்த்தலைவி தோவாரா. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கேப்டன் சட்டம் சொன்ன முறைப்படி வாளை உருவி ஒரு மரக்கிளையை வெட்டினார். புல்லைப் பிடுங்கினார். ஒரு பிடி மண்ணை வாரி வீசினார். தொப்பியில் கடல்தண்ணீரை மொண்டு தரையில் ஊற்றினார். பாஸ்குவால் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தீவும் இதன் மண்ணும் மரமும் மனிதரும் இனி அரசருக்குச் சொந்தம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று முறை கேட்டார். சுத்தமான காஸ்டில் பாஷையில், இலக்கணப் பிழை இல்லாமல் கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு கிளி மட்டும் கத்தியது. கிளியின் ஆட்சேபம் செல்லாது.

பிறகு ஊர்க்காரர்கள் மரவள்ளி ரொட்டியும் சுட்ட மீனும் கொய்யாப் பழமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 'எவரும் மறுக்கவில்லை, மாறாக, உணவளித்தார்கள்' என்று எழுதும்போது பாஸ்குவாலுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்கான 'கையகப்படுத்தல்' அவர் வாழ்நாளில் நடந்ததில்லை.

சாயங்காலம் கேப்டன் குவாரோவைக் கரைக்கு அனுப்பினார். துணைக்குப் பாஸ்குவால். சேதி சின்னதுதான்: தீவு நமக்குச் சொந்தமாகிவிட்டது, ஆகவே ஆட்களும் நமக்குச் சொந்தம், தங்கச் சுரங்க வேலைக்கு நாற்பது பேரைக் கப்பலில் ஏற்ற வேண்டும்.

தோவாரா ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்தபடியே முழுதும் கேட்டாள். சுரங்கத்துக்குப் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பியதில்லை என்பது எல்லாத் தீவுக்கும் தெரிந்த கதை.

"டேய் குவாரோ, தீவு எப்படா அவங்களுதாச்சு?"

"காலையில, அக்கா. அந்தக் கிளையை வெட்டினாரே, அப்போ."

"மரத்துக்கும் அந்தாளுக்கும் ஏதோ பழைய பகைன்னுல்ல நெனச்சேன்! சரி, இந்த ஒல்லித் தம்பி என்னமோ கத்தினாரே, அது என்ன?"

"யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு கேட்டாரு. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலை."

"என்ன கேக்கறாருன்னே தெரியலையேடா!"

"தெரியணும்னு அவங்க சட்டத்துல இல்லையாம், அக்கா."

தோவாரா வயிறு குலுங்கச் சிரித்தாள். "வெட்டணும், பிடுங்கணும், ஊத்தணும், மூணு தடவை கேக்கணும். அவ்வளவுதானே? இது தெரியாம நாம இத்தனை காலமா மரவள்ளி நட்டுக்கிட்டு இருந்திருக்கோமே!"

மறுநாள் காலை ஒரு தோணி கப்பலை ஒட்டி வந்து நின்றது. தலையில் இறகு, கழுத்தில் சங்குமாலையோடு தோவாரா மேலே ஏறினாள். விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று மாலுமிகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கல்கத்தியால் கயிற்றில் ஒரு துண்டு அறுத்தாள். பாய்த்துணியில் ஒரு நூலைப் பிடுங்கினாள். சுரைக்குடுவையில் கொண்டுவந்த ஆற்றுத்தண்ணீரைத் தளத்தில் ஊற்றினாள். பிறகு கனத்த குரலில் மூன்று முறை எதையோ கேட்டாள். மாலுமிகள் கைதட்டினார்கள். கேப்டனே கைதட்டி, ஒரு கண்ணாடி மணிமாலையைப் பரிசாகக் கொடுத்தார்.

பாஸ்குவால் மட்டும் கைதட்டவில்லை. குவாரோவை ஓரமாக இழுத்துப்போனார்.

"குவாரோ, அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"இந்தக் கப்பல் இனிமே என்னுது, யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு கேட்டாங்க, ஐயா."

"அடப்பாவி! ஏன்டா அப்பவே சொல்லலை?"

"கேட்டாத்தான் வாயைத் திறக்கணும்னு கேப்டன் உத்தரவு, ஐயா."

அவசரக் கூட்டம் கூடியது. கேப்டன், பாதிரியார் அம்ப்ரோசியோ, பாஸ்குவால். எதிரே தோவாரா, வீட்டுக்காரி மாதிரி ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கோரிக்கையைக் குவாரோ எடுத்துச் சொன்னான்: கப்பலைத் திருப்பித் தந்துவிடுகிறாள், தீவையும் அந்த நாற்பது பேரையும் விட்டுவிட வேண்டும்.

"இந்தம்மாவைத் தூக்கிக் கடல்ல போடுங்கய்யா!" என்றார் கேப்டன்.

"முடியாது, கேப்டன்," என்றார் பாஸ்குவால் பரிதாபமாக. "முறைப்படி எல்லாம் செஞ்சிருக்காங்க. மூணு தடவை கேட்டாங்க. நாம ஆட்சேபிக்கலை. போதாக்குறைக்குக் கைவேற தட்டினோம்."

"என்ன பாஷைன்னே தெரியாம எப்படிய்யா ஆட்சேபிக்கறது?"

"புரியணும்னு சட்டத்துல இல்லைன்னு நேத்து நீங்கதானே..."

"சட்டத்துல இல்லாட்டி என்ன? நியாயம்னு ஒண்ணு இருக்கே!" என்றார் பாதிரியார். அந்தப் பயணத்தில் நியாயத்தின் பெயர் உச்சரிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கேப்டன் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. அவர் மனம் உண்மையிலேயே புண்பட்டிருந்தது.

"எழுதுய்யா! அடுத்தவன் இடத்துல வந்து ஏறி, கையில கிடைச்சதை வெட்டி, தண்ணியைக் கொட்டி, அவனுக்குப் புரியாத பாஷையில மூணு தடவை கத்திட்டு, எல்லாம் என்னுதுன்னு சொல்றவங்க யாராயிருந்தாலும் கொள்ளைக்காரங்கதான். அவங்களுக்குத் தூக்கு. அரசர் பேரால தீர்ப்பு!"

பாஸ்குவாலின் இறகுப் பேனா ஓரிடத்தில் நின்றது. "'யாராயிருந்தாலும்'னே எழுதட்டுமா, கேப்டன்?"

"எழுது! சட்டம் எல்லாருக்கும் பொது."

பாஸ்குவால் எழுதினார். எழுத்து அழகாகத்தான் விழுந்தது. தீர்ப்பை மட்டும் புரிகிற பாஷையில் படித்துக்காட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. குவாரோ ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

தோவாரா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் "சரிதான், சரிதான்" என்றாள். கடைசியில் பீப்பாயிலிருந்து இறங்கிப்போய், கேப்டனின் தோளைத் தடவிக்கொடுத்தாள். குவாரோவைப் பார்த்து ஏதோ சொன்னாள். குவாரோ தரையைப் பார்த்தான்.

"என்னடா சொல்றாங்க?" என்றார் பாஸ்குவால்.

"'பாவம், நல்ல மனுஷன். தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டாரு. தூக்கெல்லாம் வேண்டாம், அவரைப் பெத்தவ எங்கேயோ காத்துக்கிட்டிருப்பா. கப்பலையும் அவரே வச்சுக்கட்டும், ஊர் போய்ச் சேரட்டும்'னு சொல்றாங்க, ஐயா."

பாதிரியார் இருமினார். மாலுமிகள் கடலைப் பார்த்தார்கள். 'கருணை மனு: தள்ளுபடி' என்று எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்கினார் பாஸ்குவால்.

அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது பேரும் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். தீர்ப்பும் ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. ஆள் மட்டும் மாறிப்போய், தூக்கில் தோவாரா தொங்கினாள்.