பாட்ரிக் மலைக்கு ஒரே டிக்கெட்

கோச்சடை கிறிஸ்துராஜ் அன்று காலை ஒரு முடிவெடுத்தார். இருபத்துமூன்று வருஷ இல்லறத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு. இதற்கு முந்தியதெல்லாம் மனைவி அற்புதமேரி எடுத்து, அவர் வாயால் வெளியானவை.

"நான் அயர்லாந்து போறேன். தனியாப் போறேன். யாரையும் கேட்கப் போறதில்ல!"

அற்புதமேரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குளிச்சிட்டுப் போறீகளா, வந்து குளிக்கிறீகளா?"

விஷயம் இதுதான். கிறிஸ்துராஜ் தலைமை குமாஸ்தாவாக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்த மலாக்கி சாமியார், ஓய்வு பெற்றுத் தன் ஊர் அயர்லாந்துக்கே போய்விட்டார். அங்கே கடலை ஒட்டிப் புனித பாட்ரிக் மலை. வருஷா வருஷம் ஜூலை கடைசி ஞாயிறு ஜனங்கள் ஜெபித்துக்கொண்டே ஏறுவார்கள். சாமியார் தமிழ் நன்றாகவே வாசிப்பார். எழுதினால் மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் கிறிஸ்துராஜுக்கு இங்கிலீஷில் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். மனைவிக்கு இங்கிலீஷ் வராது என்ற தெம்பில், அதைத் தமிழாக்கி உரக்க வாசித்தார் கிறிஸ்துராஜ்.

"மூணு வழியாம் மேரி. முதல் வழி, கடற்கரை ஊர்லருந்து. கூட்டம் போற வழி. பாதி தூரம் சுகமா இருக்கும், அப்புறம் உச்சி வரைக்கும் சரளைக்கல்லு. ஒரு அடி வச்சா அரை அடி சறுக்கும். ரெண்டாவது, மேற்கால. ஆள் நடமாட்டம் இல்ல. மூடுபனி வந்துட்டா கர்த்தர்தான் கைபிடிக்கணும். மூணாவது, பழைய மடத்துலருந்து இருபது மைல் நடந்து வந்து, அப்புறம் மலை."

"இருபது மைலா! மலை ஏற முந்தியே மோட்சம் போயிரலாமே."

"கேளு. கம்பு அவசியம். ஒரு மணி நேரத்துல வெயிலு, மழை, காத்து மூணும் வருமாம். கம்பளி மேல கம்பளி போடணும். வெறுங்காலோட ஏறுறவகளைப் பாத்து ஆசைப்படக்கூடாது. ஏறுறதைவிட இறங்குறதுதான் காலை வாருமாம்."

கடைசிப் பக்கம் வந்தது. சாமியார் எழுதியிருந்தது: 'உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வரலாம். டிக்கெட் என் தம்பி எடுக்கிறான். முதலில் உங்கள் சமணர் மலையில் ஏறி, வழியும் எச்சரிக்கையும் எழுதி அனுப்ப வேண்டும். ஏறியவருக்கே டிக்கெட்.' கிறிஸ்துராஜ் தொண்டையைக் கனைத்துவிட்டு வாசித்தார்: "கிறிஸ்துராஜ் மட்டும் வரவும். மலை ஏறி எழுதி அனுப்பவும்."

"அம்புட்டும் அப்படியே எழுதியிருக்கா?"

"எழுத்துக்கு எழுத்து."

மறுநாள் அந்தக் கடிதம் அற்புதமேரியின் பையில் கான்வென்ட்டுக்குப் போய், இங்கிலீஷ் டீச்சர் சிஸ்டர் வாயில் ஒரு தரம் தமிழாகி, மத்தியானத்துக்குள் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கிறிஸ்துராஜ் அப்போது கம்பளி வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

பங்குனி மாதம், சனிக்கிழமை. சமணர் மலையின் கீழக்குயில்குடி அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு, தலையில் குரங்குக்குல்லா, கையில் கம்பு. அற்புதமேரி கட்டுச்சோறு தூக்கும் சாக்கில் கூடவே வந்திருந்தாள். கருப்பசாமி கோயில் ஆலமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோணைமுத்து எழுந்தே நின்றுவிட்டான்.

"அண்ணனுக்குக் காய்ச்சலா மதினி?"

"இல்ல தம்பி. அவரு அயர்லாந்துல இருக்காரு."

"மேரி, எகத்தாளம் வேண்டாம்! ஒத்திகைன்னா முழு உடுப்போட பாக்கணும்."

"அண்ணே, இந்தப் பாறையில முட்டை ஒடச்சு ஊத்தினா வெந்துரும். அந்த மழைக்கோட்டையாவது கழட்டுங்க."

"கழட்ட மாட்டேன்!" என்று கம்பை ஊன்றினார். "இன்னைக்கு யாரு பேச்சையும் கேக்கப் போறதில்ல!"

பதினேழு படி ஏறினார். பதினெட்டாவது படி அவரை நோக்கி இறங்கி வந்தது. சோணைமுத்து ஓடிவந்து கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஆலமரத்தடியில் சாய்த்து, தாமரைக் குளத்துத் தண்ணீரை முகத்தில் தெளித்தான். அற்புதமேரி அவர் குல்லாவைக் கழற்றி அதாலேயே விசிறினாள்.

"வந்தது வந்துட்டோம். நீங்க இருங்க. நான் மேல எட்டிப் பாத்துட்டு வாரேன்."

செருப்பை அவர் பக்கத்தில் விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒன்றரை மணி நேரத்தில் வேர்வை வழிய, முகம் சிவக்க வந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தார்.

"நீ பாத்ததைச் சொல்லு. நான் எழுதுறேன்."

"நீங்க ஏறின மாதிரியா?"

"நாம ஏறின மாதிரி. நாம்னா நான்."

அவள் சொன்னாள். படி பாதி மலையில் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரைக்கும்தான்; அதற்கு மேல் வழுக்குப்பாறை, குறுக்கே நடந்தால் வழுக்காது. சுனையோரம் வேர்வை அடங்கும்வரை உட்கார வேண்டும். தென்மேற்கே செட்டிப்புடவுக் குகை வழி ஏற நல்லது, இறங்க ஆகாது. பத்து மணிக்கு மேல் பாறை சுடும், விடியலிலேயே ஏறிவிட வேண்டும். கிறிஸ்துராஜ் அத்தனையையும் 'நான்', 'நான்' என்று இங்கிலீஷில் போட்டார். அப்படியொரு வீரம் அவர் பேனாவில் என்றுமே ஊறியதில்லை. ஒட்டித் தபாலில் போடும் வேலையை வழக்கம்போல அவளிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பங்கு ஜனங்களுக்கு மலை ஏறிய கதையை இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரத்தில் ஒரு பாம்பும் வந்தது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. எடுத்த எடுப்பில் கடைசிப் பக்கத்துக்குப் போனார். முகம் வெளுத்தது.

"வாசிங்க" என்றாள்.

"அது... சாமியாருக்கு வயசாயிருச்சு."

"வாசிங்கன்றேன். எழுத்துக்கு எழுத்து."

'அற்புதமேரிக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறேன்' என்று இருந்தது. கூடவே, உறைக்குள் அவள் செருகி அனுப்பிய தமிழ்த் துண்டுத்தாளைத் தன் பைபிளுக்குள் வைத்திருப்பதாகவும், நினைத்து நினைத்துச் சிரிப்பதாகவும் எழுதியிருந்தார். துண்டுத்தாளில் அவள் எழுதியது இரண்டே வரி: 'சாமி, இங்கிலீஷில் இருப்பதெல்லாம் உண்மை. ஏறினது மட்டும் நான்.'

"துரோகம்!" கிறிஸ்துராஜ் துள்ளி எழுந்தார். "நான் சம்மதிக்க மாட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் புருஷன் கையெழுத்து வேணும், தெரியுமா? உயிரே போனாலும் போட மாட்டேன்!"

"சரி, போட வேணாம்" என்றாள் அற்புதமேரி. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அந்தப் பாம்பு எந்தப் படியில வந்துச்சுன்னு கேப்பாக. நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, குரலை மட்டும் இறக்காமல் கர்ஜித்தார்:

"எங்க போடணும்?"

"ஃபாரத்துல பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன் பாருங்க" என்றாள். பேனாவின் மூடியையும் கழற்றி வைத்திருந்தாள்.