எட்டாம் வகுப்பில் ஒரு பனியன் வழக்கு

வாத்தியார்களில் இரண்டு ரகம் உண்டு. பாடத்தைச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஒரு ரகம், நடித்துக் காட்டுபவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தின் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவார்கள். இரண்டாவது ரகத்தின் வகுப்பில் வாத்தியாருக்கே தூக்கம் போய்விடும். நான் இரண்டாவது ரகம். (கல்லூரி நாடகத்தில் கடைசிவரை எனக்குக் கிடைத்த ஒரே வேடம் திரை இழுப்பவன். அந்த ஏக்கம் எங்காவது வெளியே வரத்தானே செய்யும்?)

கரியாலூருக்கு மேலே ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்குத் தற்காலிக இங்கிலீஷ் வாத்தியார் வேலை. என் அப்பாவோ மலையடிவாரத்தில் எங்கள் ஊரான வடக்கனந்தல் முழுக்க, "எம் மவன் கவுர்மெண்ட் வாத்தியாரு" என்று சொல்லி முடித்திருந்தார். தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் அவர் மலையிலிருந்து இறக்கவே இல்லை. அடுத்த வருடமும் நான் அங்கே இருப்பேனா என்பது, ஓர் அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்ப்பதைப் பொறுத்தது. வேலை போனால் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிவிடலாம். வடக்கனந்தலில் இறங்க முடியாது.

எட்டாம் வகுப்புக்கு அப்போது நான் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தவை, ஒரு கதையைப் படிக்கவும் எழுதவும் வேண்டிய சொற்கள். கதை நடக்கும் இடமும் நேரமும் செட்டிங். அதில் வருகிற ஆள் கேரக்டர். சொல்ல வருவது மெயின் ஐடியா. அதைத் தாங்கிப் பிடிப்பது சப்போர்டிங் டீடெய்ல். மோதல் கான்ஃப்ளிக்ட். சுருக்கிச் சொன்னால் சம்மரி. இதெல்லாம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. வராமல் அடம்பிடித்தது இன்ஃபரன்ஸ் ஒன்றுதான். வெளிப்படையாகச் சொல்லாததை, சொன்னதையும் செய்ததையும் வைத்து ஊகிப்பது. விளக்கி விளக்கி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதிகாரி வரும் நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கணக்கு வாத்தியார் குமரேசனும் நானும் வகுப்பில் ஒரு பொய்ச் சண்டை போடுவது. பிள்ளைகள் அதைப் பார்த்து எல்லாச் சொற்களையும் கண்டுபிடிப்பது. மத்தியானம் அதிகாரி முன்னால் அரங்கேற்றம், காலையில் வெள்ளோட்டம். நானும் குமரேசனும் ஒரே அறையில் தங்கியிருந்தோம், ஆகவே ஒத்திகை சுலபம். என் குடையை அவர் எடுத்ததாக நான் கத்துவேன். அவர் இல்லை என்பார். அவ்வளவுதான் நாடகம்.

"என் குடை எங்கே?" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடித்துப் போனது. இன்னும் ஏற்றினேன். "திருட்டுப் பயலே!"

அது நாடகத்தில் இல்லாத வசனம். குமரேசன் முகம் சுருங்கியது.

"யாருய்யா திருட்டுப் பய? எம் பனியன் எங்கய்யா? மாட்டிக்கினு திரியற, துவைக்கவாச்சும் செஞ்சியா?"

(கரியாலூர் மழையில் என் துணி எதுவும் காய்வதில்லை. அவருடையது எப்படியோ காய்ந்துவிடும். நான் என்ன செய்ய?)

"உன் கொறட்டைய நான் பொறுத்துக்கினு கெடக்கறதுக்கு பத்து பனியன் குடுக்கணும்யா நீ!" என்றேன் நான்.

"நீ வெக்கற உப்பு போடாத கொழம்ப துன்றதுக்கு எனக்கு யாரு குடுப்பாங்க?" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து மரவள்ளி மூட்டையோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார் ஊர்க் கவுண்டர். அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே ஒரு வழக்கம்: சண்டைச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கே தீர்த்துவைக்க வேண்டும், ஆறப்போடக் கூடாது. மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே பாதி ஊர்.

"ரெண்டு சாரும் வெளில வாங்க."

"ஐயா, இது பாடங்க. நடிப்புங்க."

"மாட்டிக்கினா எல்லாரும் சொல்றதுதான். போன மாசம் ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சிட்டு கூத்து ஒத்திகைன்னான். வாத்தியாருங்க பகையா இருந்தா புள்ளைங்க இன்னாத்த படிக்கும்?"

கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்தார்கள். எனக்குப் பயமில்லை. என்னிடம் ஒரு வகுப்பே சாட்சியாக இருந்தது. "புள்ளைங்கள கேளுங்க," என்றேன் மிடுக்காக.

செவ்வந்தி முன்னால் வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"செட்டிங்கு, எட்டாம் வகுப்பு. கேரக்டரு, ரெண்டு சாரு. மெயின் ஐடியா, சண்டை. சப்போர்டிங் டீடெய்லு, பனியன், கொறட்டை, உப்பு."

"இன்னா பாப்பா சொல்ற? தமிழ்ல சொல்லு," என்றார் கவுண்டர்.

"குடை சண்டை பொய்யிங்க. பனியன் சண்டை நெசங்க."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"குடைன்னு கத்தறப்ப ரெண்டு சாரும் எங்களத்தான் பாத்தாங்க. பனியன்னு சொன்னதும் இங்கிலீஷ் சாரு சட்டையோட மேல் பட்டன போட்டுக்கினாரு. யாரும் சொல்லல, நாங்களா தெரிஞ்சிக்கினோம்."

"கரெக்ட்! வெரி குட்! அதான் இன்ஃபரன்ஸ்!" என்று துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். அத்தனை நாள் வராதது வந்துவிட்டதே! தட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன், வேறு யாரும் தட்டவில்லை. குமரேசன் என் காலரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"சாரே ஒத்துக்கினாரு," என்று வழக்கை முடித்தார் கவுண்டர்.

தீர்ப்பும் வழக்கப்படிதான். சண்டை போட்டவர்கள் ஊர் பார்க்க ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன. (உப்பு சரியாக இருந்தது. அதைக் குமரேசன் சத்தமாகச் சொன்னார்.) நாங்கள் ஒரே தட்டில் கைவைத்து, யார் விரல் யார் விரல் மேல் படுவது என்று தவித்துக் கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. மத்தியானம் வர வேண்டிய அதிகாரி முன்கூட்டியே வந்துவிட்டார். ஜீப் சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் என் பெட்டி படுக்கை கட்டப்பட்டுவிட்டது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் அதிகாரி.

என் வாய் நிறையச் சோறு.

"சம்மரி சொல்லட்டுங்களா சார்?" என்றாள் செவ்வந்தி.

சொன்னாள். பிறகு மற்றவர்கள் ஆளுக்கொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முழு வழக்கையும் மறுபடி நடத்தினார்கள். அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்டார். விடாமல் பதில் வந்தது. கடைசியில் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"புள்ளைங்களுக்குப் பாடம் ஏறியிருக்கு," என்றார். "அடுத்த வருஷமும் இருங்க. அந்தப் பனியன மட்டும் இன்னிக்கே கழட்டிக் குடுத்துடுங்க."

வேலை தப்பியது. மறு வருடம் குமரேசனின் தங்கையையே எனக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்தில் மைத்துனர் சீராக அவர் தந்த பொட்டலத்தைப் பந்தியில் வைத்துப் பிரித்தேன். புதுப் பனியன்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா காலியானால் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. மனைவியும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் என் சட்டையின் மேல் பட்டனைப் பார்க்கிறார்கள். அது எப்போது போடப்பட்டது என்று எனக்கே தெரிவதில்லை.